மோந்த பூ

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவாள். புதுப் பாடப்புத்தகம், பரீட்சைக் கேள்வித்தாள், பக்கத்து வீட்டிலிருந்து வந்த குழம்பு, துவைத்து மடித்த தாவணி, எதுவும் தப்பாது. "செத்த இரு, மோந்துக்கிறேன்" என்பாள். மோந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு தடவை மோந்து பார்ப்பாள். அந்த இரண்டாவது தடவைக்குப் பிறகுதான் வாயிலிருந்து தீர்ப்பு வரும். அதுவரை எதிரில் இருக்கிறவள் தேமே என்று நிற்க வேண்டும். எதிரில் இருந்தது பெரும்பாலும் நான்தான்.

தெருவில் அவளுக்கு டீச்சர் மகள் என்று பெயர். அம்மா பள்ளிக்கூட டீச்சர். வேதக்காரக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பூசைக்குப் போகாமல் காலைச் சாப்பாடு கிடையாது. நாங்கள் பூக்காரக் குடும்பம். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் விடியும்போது பூ எடுத்துவந்து, கடைவீதி முக்கில் பலகை போட்டுக் கட்டி விற்பது எங்கள் பிழைப்பு. அன்றைக்கு என் அம்மா உட்கார்ந்திருந்த பலகையில் இன்றைக்கு நான் உட்கார்ந்திருக்கிறேன். டீச்சர் மகளும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்சு.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பூவை மோந்து பார்க்கக் கூடாது. பூ சாமிக்குப் போகிற சாமான், மனுஷ மூச்சுப் பட்டால் எச்சில் பட்டதற்குச் சமம். எந்த முழம் சாமிக்குப் போகும், எந்த முழம் கொண்டைக்குப் போகும் என்று கட்டுகிறவளுக்குத் தெரியாது. அதனால் எதையுமே மோந்து பார்க்கக் கூடாது. மல்லிகை நல்லதா பழசா என்று நாங்கள் விரலால் பார்ப்போம். மொட்டை உருட்டினால் கெட்டியாக இருக்க வேண்டும், காம்பு பச்சையாக இருக்க வேண்டும். சின்ன வயதில் நான் ஒரு தடவை சம்பங்கியை மூக்கில் வைத்துவிட்டு அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்: ஊருக்கே வாசனை விற்கிற எனக்கு மல்லிகைக்கும் முல்லைக்கும் வாசனையில் என்ன வித்தியாசம் என்று முப்பது வயது வரை தெரியாது.

ஒன்பதாவது படிக்கும்போது அவள் ஒரு சாயங்காலம் பலகைக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல், கட்டி வைத்திருந்த மல்லிகையில் முகத்தையே புதைத்துவிட்டாள்.

"அடிப் பாவி மகளே, மோந்துட்டியேடி!" என்று அம்மா கத்தியது எதிர்க் கடை வரை கேட்டிருக்கும்.

"பூவை மோக்காம வேற என்னத்த செய்ய அத்தே?" என்று அவள் நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

அம்மா அந்த முழத்தை வெடுக்கென்று அறுத்து அவள் மடியில் போட்டாள். "இந்தா, மோந்த பூ சாமிக்கு ஆகாது. நீயே தலையில வச்சுக்கிட்டுப் போ." அவ்வளவுதான், அன்றிலிருந்து அவளுக்கு வழி தெரிந்துபோயிற்று. வாரத்துக்கு ஒரு நாள் வருவாள், வேண்டுமென்றே மோந்து பார்ப்பாள், அம்மா திட்டிக்கொண்டே அறுத்துக் கொடுப்பாள். கடைசியில் அவள் வருவதற்கு முன்னாலேயே ஒரு முழம் தனியாக இருக்கும். "அது ஓஞ் சேக்காளியோட மோந்த பூ, வித்துறாத" என்பாள் அம்மா.

அவள் மூக்கு விளையாட்டு மட்டும் இல்லை. அவள் அப்பாவுக்குக் குடி உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர்கள் வீட்டு வாசலுக்கு நாலு எட்டு முன்னாலேயே நின்றுவிடுவாள். "இன்னைக்குக் கம்மிதான், நான் போறேன்" என்று சில நாள் உள்ளே போவாள். சில நாள் நின்ற இடத்திலேயே திரும்பி, "ஒங்க வீட்டுல செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்" என்பாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அவள் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார்.

பெண் பார்க்க செம்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்ததைச் சொல்லாமல் விட முடியாது. தாம்பாளத்தில் ஸ்வீட் பெட்டி. இவள் காப்பி கொடுக்க வந்தவள், காப்பியைக் கொடுத்துவிட்டு அந்தப் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தாள். டீச்சருக்கு உயிரே போய்விட்டது. உள்ளே வந்ததும் என் காதில் சொன்னாள்: "எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதுடி. மூணு நாள் முந்தி வேற பொண்ணுக்கு வாங்குனது. அங்க வேணாம்னுட்டாகபோல, அதைத் தூக்கிட்டு இங்க வந்திருக்காக." கிறுக்கச்சி என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது, அகரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு டீச்சர் கல்யாணப் பேச்சை எடுக்கப் பயந்தார்.

வேதியியல் படித்தாள், பெங்களூர் போனாள். தெருவில் டீச்சர் ஃபுட் கம்பெனி என்றுதான் சொன்னார், நம்பித்தான் சொன்னார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். தாங்களே பீர் காய்ச்சி ஊற்றுகிற ஒரு கடையில் காய்ச்சுகிறவள் வேலை. எனக்கு வந்ததே கோபம்.

"குடியால ஒங்கப்பாவத் தூக்கிக் குடுத்தவடி நீ. ஒனக்கு வேற வேலையே கெடைக்கலையா?"

அவள் கோபப்படவில்லை. "அவரு குடிச்சதுல நாத்தம்தான் இருந்துச்சு. வாசனைன்னு ஒண்ணு இருந்திருந்தா கையில வச்சு மோந்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. மடக்கு மடக்குன்னு ஊத்தியிருக்க மாட்டாரு." கிறுக்கு நியாயம்தான். ஆனால் அவள் அதை நம்பினாள். பிறகு, "இதுல பூப் போடுறாகடி" என்றாள், அதற்கு மேல் எனக்கு வாய் வராது என்று தெரிந்துகொண்டே.

அந்தப் பூவை ஒரு கிறிஸ்துமஸ் லீவில் கொண்டுவந்து காட்டினாள். ஹாப்ஸ் என்று பெயர். வெளிர்ப் பச்சையில், சின்ன வெங்காயம் அளவில், செதில் செதிலாகக் காய்ந்து கிடந்தது. நடுவில் மஞ்சள் பொடி. பீருக்குக் கசப்பும் வாசனையும் அதுதான் கொடுக்குமாம். மல்லி, முல்லை, பிச்சி என்று நம்மிடம் இருப்பதுபோல அதிலும் ஏகப்பட்ட ஜாதி. அதே தண்ணீர், அதே தானியம், பூவை மாற்றிப் போட்டால் பீரே வேறு ஆள் ஆகிவிடும் என்றாள். எந்தப் பூவைப் போடுவது என்று முடிவு செய்வதுதான் அவள் வேலையில் பெரிய வேலை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து என் மூக்கில் காட்டினாள்.

"மொதல்ல வர்ற வாசனை பவுடர் போட்டுக்கிட்டு வரும், அதை நம்பாத. செத்த பொறுத்து மறுக்கா மோந்து பாரு. அப்ப வர்றதுதான் நெசம்."

எனக்கு வைக்கோல் வாடைதான் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. "ம்ம், நல்ல வாசனைடி, பழ வாசனை" என்று அடித்துவிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, பூக்காரி மூக்குன்னா சும்மாவா!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பூ விற்கிறவளுக்கு மூக்கு கூர்மையாக இருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுச் சட்டம் தெரிந்தவள்தான், என் அம்மாவிடம் அத்தனை திட்டு வாங்கியவள்தான். இருந்தும் நான் திருட்டுத்தனமாக மோந்திருப்பேன் என்றே நம்பினாள். அவளால் அப்படித்தான் நினைக்க முடியும். நானும் திருத்தவில்லை. ஒருத்தி நம்மைப் பெரிதாக நினைத்தால் சும்மா இருந்துவிடுகிறோம், என்ன பண்ணுவது.

பிறகு அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்த வருஷம். பெங்களூரில் கடையை மூடிவிட்டார்கள், அவள் ஊருக்கு வந்துவிட்டாள். டீச்சருக்கும் அவளுக்கும் சேர்ந்தே காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்து, பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் பலகைக்கு வந்தாள், ஆள் பாதியாகி. என் அம்மா அதற்கு முந்தின வருஷமே தவறிவிட்டாள். திட்டுவதற்கு ஆள் இல்லாத தைரியத்தில் மல்லிகைப் பந்தையே தூக்கி முகத்தில் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"ஒண்ணுமே வரலடி" என்றாள்.

"வந்துரும், எல்லாருக்கும் அப்படித்தானாம், பத்து நாள்ல வந்துருமாம்."

பத்து நாள் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. வரவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டால் பழக்கத்தில் மூக்குக்குக் கொண்டுபோவாள், பிறகு சும்மா கீழே வைப்பாள். எனக்குப் பார்க்கச் சகிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஒரு கூரியர் வந்தது. கடையைத் திறக்கப் போகிறார்கள். முதல் முறையாக அவள் சொந்தக் கைப்பக்குவத்தில் ஒரு பீர், கடையில் எழுதி மாட்டுகிற பலகையில் அவள் பெயரோடு. அதற்காக அவள் முதலாளி இரண்டு பூ மாதிரிகள் அனுப்பியிருந்தார். ஒன்று கேஸ்கேட், இன்னொன்று மொசைக். எது என்று அவள் சொன்னால் அந்தச் சரக்கையே மொத்தமாக எடுத்துவிடுவார். மூக்கு போன விஷயத்தை அவள் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"மொசைக்கா? தரைக்குப் போடுறதாடி?" என்று சிரிக்க வைக்கப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு தடவ ஓன் மூக்கைக் குடு. அம்மாட்ட கேக்க முடியாது, அவுகளுக்கு அது ஃபுட் கம்பெனி. வேற யாரு இருக்கா எனக்கு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏ புள்ள, நான் பூவை மோந்தே பழகாதவ, அன்னைக்குச் சும்மா சொன்னேன் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. வேறு யார் இருக்கா என்று கேட்டுவிட்டாளே, அது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கேஸ்கேட்டை என் உள்ளங்கையில் தேய்த்தாள். நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வருகிற வாசனை, கொஞ்சம் பூ வாசனை. இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே வந்தது. சொன்னேன், எழுதிக்கொண்டாள். செத்த பொறுத்து மறுபடி மோந்தேன், அதேதான். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள். பிறகு மொசைக்.

"மாம்பழம்" என்றேன். "கொய்யாவும் இருக்கு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. காய்ச்சலுக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. "மாம்பழமா? நல்லாத் தெரியுதா? இதைத்தாண்டி நெனச்சேன். நம்மூரு மாம்பழ சீசன் மாதிரி ஒண்ணு போடணும்னு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே காய்ச்சுகிறவளாகிவிட்டாள். "செத்த இரு. அவசரப்படாத. மறுக்கா மோந்து பாரு. இந்த ஜாதியில சில சரக்கு வெங்காய வாடை அடிக்கும், பூண்டு வாடை அடிக்கும். துளி இருந்தாலும் சொல்லிரு, பீரே போயிரும். இருக்கா?"

மறுபடி மோந்தேன். வெங்காயம் வந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரே சின்ன வெங்காயக் கிட்டங்கி. எங்கள் வாசல் கதவு திறந்து கிடந்தது, எதிரே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைக்குக்கூட வெங்காய வாடைதான் அடிக்கும். தெரு வாடைதான் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கேஸ்கேட்டை மோந்தபோதும் அதே கதவு திறந்துதான் இருந்தது, அப்போது வெங்காயம் வரவில்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை மோந்து பார்க்க எத்தனை நேரம் ஆகும்? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடி" என்றேன். "மாம்பழம்தான்."

மொசைக் என்று எழுதி அனுப்பிவிட்டு, பெங்களூர் போனாள். காய்ச்சினாள். முதல் பீப்பாயைத் திறந்த அன்று நடந்ததைப் பிறகு என்னிடம் போனில் சொன்னாள். வேலைக்காரர்கள், முதலாளி, நாலைந்து பழைய வாடிக்கைக்காரர்கள், எல்லாருக்கும் ஒரு டம்ளர். எல்லாரும் முதல் வாயோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "நல்லாருக்குல்ல? மாம்பழம் வருதுல்ல?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். ஒருத்தர்தான் மெதுவாக, பூண்டு ஊறுகாய் மாதிரி இருக்கிறதே என்றிருக்கிறார்.

அப்படித்தான் மூக்கு விஷயம் வெளியே வந்தது. முதலாளி நல்ல மனுஷன். ஊருக்குப் போய் இரு, மூக்கு வரட்டும், உன் வேலை எங்கேயும் போகாது என்றார். அத்தனையும் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"நெசத்தைச் சொல்லு. அன்னைக்கு வெங்காய வாடை துளிகூட வரலையா? நீ கோவிச்சுக்காத, தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன்."

கடவுள் எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். பயம், வெட்கம், என்ன சொல்வாளோ என்ற நடுக்கம். "சத்தியமா வரலடி" என்றேன். "எங்கம்மா மேல சத்தியம்."

"அப்ப பூ நல்ல பூதான்" என்றாள். "நான் காய்ச்சுனதுலதான் தப்பு."

அந்தச் சத்தியம் என்ன செய்யும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூக்கு போனது காய்ச்சலால், அது திரும்பி வரும். கையே போய்விட்டது என்று ஒருத்தி நம்பிவிட்டால் அது எங்கேயிருந்து திரும்பி வரும்? ஊருக்கு வந்தாள், சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டும் போகவில்லை. "காப்பி வாசனை வருது இப்ப, சோப்பு வாசனை வருது. மூக்கு வந்து என்ன செய்ய, கை வரணும்ல" என்று சிரித்தாள்.

நான் அப்போதிலிருந்துதான் பூவை மோந்து பார்க்க ஆரம்பித்தேன். அம்மா என்னை மன்னிக்கட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு முழத்தைத் தனியாக எடுத்து மோந்து பார்ப்பேன், செத்த பொறுத்து மறுபடி மோந்து பார்ப்பேன். அவள் பள்ளிக்கூடம் முடிந்து பஸ் இறங்கி வருவாள். மல்லிகை மட்டும் அவளுக்குத் திரும்பி வரவே இல்லை. "என்ன வாசனை வருது, சொல்லு" என்று கேட்பாள். உள்ளதை உள்ளபடி சொல்வேன். இன்னைக்குக் கொஞ்சம் அழுகல் வாடை இருக்குடி, மழைப் பூ என்றால் அதையும் சொல்வேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, தலையில் வைத்துக்கொண்டு போவாள். இப்படி இரண்டு வருஷம்.

ஒரு சனிக்கிழமை, முதலாளி மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டதைச் சொன்னாள். வர மாட்டேன், இனிமேல் கூப்பிடவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "என்ன வாசனை வருது இன்னைக்கு?" என்றாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "அன்னைக்கு வெங்காயம் வந்துச்சுடி" என்றேன். "மறுக்கா மோந்தப்ப வந்துச்சு. தெரிஞ்சேதான் இல்லைன்னேன். ஓங் கையில ஒரு தப்பும் இல்ல."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கிறிஸ்துமஸ் லீவில் அடித்துவிட்ட பழ வாசனையிலிருந்து, அம்மா மேல் போட்ட சத்தியம் வரை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எதையாவது மோந்துவிட்டு இரண்டாவது தடவைக்குக் காத்திருப்பாளே, அதே மாதிரி. நான் தேமே என்று உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டு வருசமா அந்த ஒரு நாளை நோட்டுல எழுதி எழுதிப் பாத்தேன்டி" என்றாள். "கொதிக்க வச்சது கூடிப் போச்சா, பூவைப் போட்ட நேரம் தப்பா, பீப்பாயைச் சரியாக் கழுவலையான்னு. அம்புட்டு நோட்டு எழுதுனேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையில் இருந்த பூவைப் பலகையில் திரும்ப வைத்தாள். "நான் ஒங்கிட்ட கேட்டது மூக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மறுபடி பெங்களூர் போய்விட்டாள் என்று டீச்சர் வழியில் பார்த்தபோது சொன்னார். "ஃபுட் கம்பெனியில திரும்பச் சேத்துக்கிட்டாகளாம்மா" என்றார், முகமெல்லாம் சந்தோஷமாக. நான் போன் செய்தால் எடுப்பதில்லை. லீவுக்கு வந்தால் வேறு வழியாக நடக்கிறாள். அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, எனக்கு அது போதும் என்று சொல்லிக்கொள்வேன். போதவில்லை.

சனிக்கிழமை ஒரு முழத்தை இன்னும் மோந்து எடுத்துத் தனியாக வைக்கிறேன். போன வாரம் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பூவைக் குடுங்கக்கா, நல்லாருக்கு" என்றாள்.

"அது மோந்த பூம்மா, சாமிக்கு ஆகாது."

"எனக்குத் தலைக்குத்தான்க்கா."

"இல்லம்மா, அது ஒரு ஆளுக்கு எடுத்து வச்சது."

"வருவாங்களா அவங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.